காலியாக விட முடியாத கட்டம்

ஏழாம் கட்டம் ஐந்நூறு சொற்களுக்கு மேல் ஏற்காது.
ஏன் போதைச் சார்பு அறிவியல்?
ஏன் முனைவர் பட்டம்? ஏன் இப்போது?
வயதைக் கேட்கவில்லை, பிறந்த ஆண்டைக் கேட்டார்கள்.
நாசூக்குத் தெரிந்தவர்கள்.

கோத்லா-யார்வே. எரிபாறைச் சாம்பல்
மலையாக எழுந்து நிற்கும் எஸ்தோனிய ஊர்.
பதினோரு வருடமாக ஊசி வண்டியில் இருக்கிறேன்.
செவ்வாய், வியாழன், சனி.
பழையதைப் பெட்டியில் போடு, புதியதை எண்ணி எடு.
பெயர் கேட்பதில்லை நாங்கள்.
தாயின் பெயரில் முதல் எழுத்து, பிறந்த நாள், மாதம்:
அ-09-11.
அந்தோனினாவோ அக்லாயாவோ, எவளோ ஒருத்தி
நவம்பர் குளிரில் பெற்ற பிள்ளை.

அவன்தான் முதலில் கேட்டான்.
"படிக்கப் போறியாமே ரிம்மா,
உன் ஆராய்ச்சியில நான் வருவேனா?"
வருவாய், எண்ணாக, என்றேன்.
"இப்பவும் எண்தானே.
தசமப் புள்ளிக்கு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்."

வரைவை வாசித்த பேராசிரியர் மேலிஸ் கூசிக்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:
உணர்ச்சியைக் குறையுங்கள், முறையியலைக் கூட்டுங்கள்.
குறைத்தேன்.
வண்டிக்குள் ஈரக் கம்பளிக் கோட்டுகள் நாறுவதை வெட்டினேன்.
ரயில் நிலையக் கழிப்பறைக் கதவை உடைத்த இரவை
'அவசரத் தலையீடு' என்று மாற்றினேன்.
இரண்டே சொல்.
முப்பத்தெட்டு மிச்சம்.

மிச்சத்தில் இதை எழுதினேன்:
எங்கள் ருஷ்ய மொழியில் இந்த நோயின் பெயருக்குள்
'தொங்கு' என்றொரு வேர் கிடக்கிறது.
அடிமை என்றால் எஜமானைத் தேடிப் பிடிக்க வேண்டும்.
தொங்குகிறவனுக்கு ஒரு கொம்பு போதும்.
அவனைப் பார்த்துத்தான்
விட்டுவிடு, விட்டுவிடு என்று கத்துகிறோம்.
கீழே எத்தனை அடி என்று
கயிறு விட்டுப் பார்த்தவர் இல்லை.
விட்டவர்கள் எதன்மேல் விழுந்தார்கள்?

திரை சிவந்தது.
கடைசி வரியை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன்.

ஒன்பதாம் கட்டம்:
பணியில் இடைவெளி இருந்தால் விளக்கவும்.
எட்டு மாதம்.
அந்த வசந்தத்தில் ஊருக்குள் ஒரு புதுப் பொடி வந்தது.
பனி உருகி முடிவதற்குள்
குறிப்பேட்டில் பத்தொன்பது எண்கள்
வருவதை நிறுத்தியிருந்தன.
"திருந்திட்டாங்க போல" என்றாள்
புதிதாய்ச் சேர்ந்த உல்யானா.
நான் சிரித்தேன்.
பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.
வண்டியின் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தேன்,
யாரோ கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் வரை.

இதற்கு நூறு சொல் ஒதுக்கியிருக்கிறார்கள்.
'குடும்பக் காரணம்' என்று எழுதி அழித்தேன்.
'உடல்நலம்.' அழித்தேன்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மறுக்கிறது.
ஒரே ஒரு புள்ளி வைத்தேன்.
திறந்துகொண்டது.

நள்ளிரவுக்கு நான்கு நிமிடம் இருந்தது, அனுப்பினேன்.
எழுந்து போய் பாத்திரம் கழுவினேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம்.
நேர்காணல். தார்த்து, இரண்டாம் மாடி.
ஒன்பதாம் கட்டம் குறித்தும் பேச விரும்புகிறார்களாம்.
செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் வண்டி நாள்.
உல்யானாவிடம் சாவியைக் கொடுத்தேன்.
வலது கதவு இழுத்தால்தான் மூடும்.
அ-09-11 தேநீருக்குச் சர்க்கரை கேட்பான், ஐந்து கட்டி, கொடு.
வந்தவர்களை எழுதுவது போலவே
வராதவர்களையும் எழுதி வை.

"வராதவங்களை எந்த நேரத்துல எழுதுறது?" என்றாள்,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

ஏழு பத்துக்குப் பேருந்து.
கோட்டின் பொத்தான் ஒன்று போட வரவில்லை.